மூவாயிரம் நட்சத்திரம், ஒரு குடம் தண்ணீர்

கும்மனகானப்பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தேழு பிள்ளைகள் படிக்கிறார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் எழுத்துப்பூர்வமான ஆதாரம் எதுவும் கிடையாது. ஆதாரம் இல்லாத நல்ல பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் அறுபது வருஷம் நடந்திருக்கிறது என்றால், மேலிடம் எவ்வளவு பொறுமையானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொறுமை காலாண்டு விடுமுறை முடிந்த அன்று தீர்ந்தது. சுற்றறிக்கை வந்தது. "பார்வையில் காணும் கடிதத்தின்படி, தொடக்கப் பள்ளிகளில் நற்செயல் உற்பத்தி கணக்கிடத்தக்க அளவில் இல்லை என்பது உயர் அலுவலர்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது" என்று அது ஆரம்பித்தது. பார்வையில் காணும் கடிதத்தை யாரும் பார்த்ததில்லை. அது வழக்கம்தான்.

குறையைத் தீர்க்க 'நற்செயல் நட்சத்திரத் திட்டம்' தொடங்கப்பட்டது. ஒரு பிள்ளை நல்லது செய்தால் ஒரு மஞ்சள் நட்சத்திரம். செலவை ஏற்றுக்கொண்டது ஓசூர்ப் பக்கம் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளராக அந்தக் கம்பெனியே அசோக்குமார் என்பவரை அனுப்பிவைத்தது. பதினெட்டு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து வாஷரில் நல்லது கெட்டது பிரித்தவர் அவர். பிள்ளைகளைப் பிரிக்க இதைவிடத் தகுதி வேண்டுமா?

கார் வந்து நின்றது. தலைமையாசிரியை ஜெபசீலி டீச்சர் வெளியே வந்து வணங்கினார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் டீச்சர். இன்னொரு ஆசிரியர் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறை பற்றிய புள்ளிவிவரம் சேர்ப்பதற்காக அவரை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது.

"ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை நற்செயல் வருதுங்க டீச்சர்?" என்றார் அசோக்குமார்.

"எண்ணிப் பார்த்ததில்லீங்க சார்."

"அதான் பிரச்சினையே. எண்ணாதது இல்லாததுதான். எங்க கம்பெனில எண்ணாம ஒரு வாஷர் வெளிய போகாது."

"இது பிள்ளைங்க சார்..."

"பிள்ளைங்களும் அஞ்சாவது முடிச்சா வெளிய போறாங்க இல்ல? செக் பண்ணாம எப்படிம்மா அனுப்பறது?"

அசோக்குமார் டீச்சரின் போனை வாங்கி, அதில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தார். விதி எளிமையானது. ஒவ்வொரு நற்செயலுக்கும் மூன்று படம் வேண்டும். நல்லது நடப்பதற்கு முன் இருந்த கெட்ட நிலை, அதாவது முன்நிலை. நல்லது நடக்கும்போது செயல்நிலை. நடந்த பிறகு பின்நிலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த நற்செயல் தள்ளுபடி.

"குழந்தைகள் தினத்துக்குள்ள எந்தப் பள்ளி மூவாயிரம் நட்சத்திரம் எடுக்குதோ, அந்தப் பள்ளிக்கு என்ன வசதி வேணுமோ கம்பெனி செஞ்சு குடுக்கும்."

டீச்சர் தலை நிமிர்ந்தது இதைக் கேட்டுத்தான். "கக்கூசுக்குத் தண்ணி கேக்கலாங்களா சார்? ஒரு மோட்டாரு, ஒரு டேங்கு."

"எதை வேணா கேளுங்க. முதல்ல நட்சத்திரம்."

இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தின் மேற்கு மூலையில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை இருக்கிறது. கட்டி நாலு வருஷம் ஆகிறது. கதவு உண்டு, கதவில் ரெட்டைச் சடைப் பெண்ணின் படம் உண்டு, உள்ளே குழாயும் உண்டு. தண்ணீர் மட்டும் பதிவேட்டில் உண்டு. திறப்பு விழா அன்று லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, குழாயைத் திருகிப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு டீச்சர் பதினோரு மனு எழுதினார். பதினோரு தடவையும் ஒரே பதில்தான்: "தங்கள் பள்ளியில் தண்ணீர் வசதி உள்ளதாகப் பதிவேட்டில் காணப்படுவதால் கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது."

நாலாவது, அஞ்சாவது படிக்கும் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டார்கள். அஞ்சாம் வகுப்பு ரெனிட்டாவுக்கு இந்த வருஷம் மட்டும் ரெண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தாள். படுத்து எழுந்தவள் சும்மா இருக்கவில்லை. மேற்குச் சுவரோரம் மாட்டுத்தொட்டிக்கு ஒரு குழாய் இருக்கிறது. இடைவேளைக்கு இடைவேளை அங்கே ஒரு பழைய பிளாஸ்டிக் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைத்துத் தூக்கிவந்து கழிப்பறை வாசலில் இருக்கும் வாளியில் ஊற்றுவாள். அது சின்னப் பிள்ளைகளுக்கு. அவளுக்கு?

"சின்னதுங்களுக்கே பத்தல" என்பாள்.

திட்டம் தொடங்கியதும் டீச்சர் முதலில் பதிவேற்றியது ரெனிட்டாவின் குடத்தைத்தான். தண்ணீர் சுமத்தலுக்குச் செயலியில் ஐந்து நட்சத்திரம். இருப்பதிலேயே அதுதான் அதிகம். பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது: "முன்நிலைப் படம் இல்லை. தள்ளுபடி." டீச்சர் போனை எடுப்பதற்குள் அவள் குடத்தைத் தூக்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலிக்குடம், நடக்கும் பெண், நிறைந்த வாளி என்று மூன்று படமும் ஒழுங்காகப் போயின. பதில்: "நிகழிடம் கர்நாடக மாநிலம். இத்திட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டுமே பொருந்தும். தள்ளுபடி."

டீச்சர் அசோக்குமாரைக் கூப்பிட்டார்.

"சார், எங்க மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு வயல். அந்த வயல் கர்நாடகா. சுவர்கிட்டப் போனாலே போனு அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சுக்குது. ஆனா பள்ளிக்கூடம் தமிழ்நாடுதான் சார்."

"போன் என்ன சொல்லுது?"

"கர்நாடகாவுக்கு நல்வரவுன்னு சொல்லுது."

"அப்புறம் எப்படிம்மா? நம்ம ஊர் ஸ்டாரை அடுத்த மாநிலத்துக்குக் குடுத்தா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது? நற்செயலை இந்தப் பக்கம் கொண்டாங்க."

டீச்சர் சுண்ணாம்புப் பொடி எடுத்து, புங்கமரத்திலிருந்து சமையற்கூடம் வரைக்கும் தரையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கிழக்கே கொடிக்கம்பம், வகுப்பறை, தமிழ்நாடு. மேற்கே குழாய், கழிப்பறை, கர்நாடகம். இனிமேல் நல்லது செய்ய விரும்புகிறவர்கள் கிழக்கே வந்து செய்ய வேண்டும், அதுவும் டீச்சர் போனோடு வந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று காலை வழிபாட்டில் அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகள் விதியைப் பெரியவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். அன்றைக்கே மூன்றாம் வகுப்பு மாதேஷ் ஓடிவந்து குப்புற விழுந்தான். சுற்றி எட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள்.

"எந்திரிக்கட்டுமாடா?"

"இருடா, டீச்சர் போன் எடுத்துட்டு வர்றாங்க."

"முட்டி எரியுதுடா."

"எரியட்டும். அப்பதான் முன்நிலை நல்லா வரும்."

ஒருத்தி தரையைப் பார்த்தாள். "டேய், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்திருக்கான். அது கர்நாடகாடா!"

"இப்ப இன்னா பண்றது?"

"எந்திரிச்சு வந்து இங்க விழுடா."

மாதேஷ் எழுந்தான், நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினான், தமிழ்நாட்டில் ஒழுங்காக விழுந்தான். இரண்டு பேர் தூக்கினார்கள். ஆளுக்கு மூன்று நட்சத்திரம்.

சமையற்கூட வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மங்கம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். முட்டை உரிப்பதிலிருந்து மூக்கு துடைப்பது வரைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைதான். "இன்னா டீச்சர் இது? விழுந்த புள்ளயத் தூக்கறதுக்கு ஒரு போட்டாவா? எங்க வூட்ல கோழி தடுக்கி விழுந்தாக்கூட நான் சும்மாவே தூக்குவேன்."

"மோட்டார் வரட்டும் மங்கம்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

டீச்சர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் மோட்டார் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ரெண்டாவது வாரத்தில் உற்பத்தி சூடு பிடித்தது. குப்பை பொறுக்கினால் ஒரு நட்சத்திரம் என்பதால் பிள்ளைகள் வீட்டிலிருந்து பையில் குப்பை கொண்டுவந்தார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்த தாய்மார்களுக்குப் பிள்ளைகளிடம் கெட்ட பேர். ஒரே ஒரு பச்சைப் பென்சில் ஒரே நாளில் பதினாலு முறை தொலைந்து பதினாலு முறை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடைசியில் உரியவர் யாரென்றே மறந்துபோனது. சமாதானம் செய்து வைத்தால் நாலு நட்சத்திரம். சமாதானத்துக்கு முன்நிலை சண்டை. இந்தப் பிள்ளைகளிடம் சண்டை போதிய கையிருப்பு இல்லை. ஆகவே செவ்வாய், வியாழன் பிற்பகல் மூன்றிலிருந்து மூன்றரை வரைக்கும் சண்டை நேரம் என்று கால அட்டவணையில் எழுதப்பட்டது. கணக்குப் பாடம்தான் இடம் கொடுத்தது.

மாதேஷ் ஒரு நாள் விழ மறுத்தான்.

"தூக்கறவனுக்கு ஸ்டாரு, விழறவனுக்குப் புண்ணா? நான் விழமாட்டேன் போங்க."

நியாயமான கோரிக்கை. செயலியில் விழுவது நற்செயல் பட்டியலில் இல்லை. டீச்சர் யோசித்து, எல்லாரும் முறை வைத்து விழ வேண்டும் என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினார். சுழற்சி முறை என்று பாராட்டி அசோக்குமார் அதைப் படம் எடுத்து மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பினார்.

தண்ணீர்தான் பெரிய உற்பத்தி. குடத்தை மேற்கே குழாயில் நிரப்பி, கோடு வரைக்கும் சத்தமில்லாமல் தூக்கிவர வேண்டும்; அது கணக்கில் வராத பாடு. கோட்டில் நின்று, டீச்சர் போனைப் பிடித்ததும், கொடிக்கம்பம் வரைக்கும் சிரித்துக்கொண்டே சுமக்க வேண்டும், அது நற்செயல். கம்பத்தடியில் ஊற்ற வேண்டும், அது பின்நிலை. ஐந்து நட்சத்திரம். கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பாசி பிடித்து, தவளைகூட வந்தது. கழிப்பறை வாசலில் வாளி காய்ந்து கிடந்தது, ஏனென்றால் குழாயடியில் எப்போதும் வரிசை, கர்நாடகத்தில் ஊற்ற யாருக்கும் நேரமில்லை.

ரெனிட்டா வந்து நின்றாள்.

"டீச்சர், இந்தத் தண்ணிய அங்க ஊத்தினா ஒண்ணாங்கிளாஸ் பாப்பாங்களாவது போவாங்க இல்ல? காலைல ஒரு பாப்பா பாவாடைலயே போய்டுச்சு டீச்சர். அழுவுது."

டீச்சர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பதினாலாம் தேதி வரைக்கும் கண்ணு. அப்புறம் குழாயைத் திருகினாத் தண்ணி. உனக்காகவும்தான் இது."

"சரி டீச்சர்" என்றாள். ஆனால் அன்றைக்கும் இடைவேளையில் எல்லாரும் கோட்டில் நின்றபோது அவள் பழைய குடத்தோடு மேற்கே போனாள். மறுநாளும் போனாள். படத்துக்கு நிற்கவில்லை. நாலாவது வாரம் செயலி தானாகவே ஒரு அறிக்கை அனுப்பியது: "மாணவி ரெனிட்டா. மொத்த நற்செயல் பூஜ்யம். நற்பண்பில் பின்தங்கியவர். சிறப்புப் பயிற்சி அளித்து விவரம் தெரிவிக்கவும்."

சிறப்புப் பயிற்சி என்பது 'நான் பிறருக்கு உதவுவேன்' என்று ஐம்பது முறை எழுதுவது. உதவப் போகும் நேரத்தில் எழுத வேண்டும். பெற்றோருக்கும் கடிதம் போனது. ரெனிட்டாவின் அப்பா தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடு வந்து அசோக்குமார் முன்னால் நின்றார்.

"எம்பொண்ணு ரிஜெக்ஷனா சார்?"

"இப்போதைக்கு அப்படித்தான்."

"ரீவொர்க் பண்ணிப் பார்க்கலாமா சார்? வீட்ல நல்லாத்தான் இருக்கா."

"வீட்ல எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இல்லை. அவர் மகளைப் பார்த்து, "போட்டோவுக்கு நின்னா இன்னா கண்ணு கொறஞ்சு போய்டுவ?" என்று கேட்டுவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு போனார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி மூவாயிரமாவது நட்சத்திரம் விழுந்தது. அது பச்சைப் பென்சிலுக்குக் கிடைத்தது.

குழந்தைகள் தின விழாவுக்குக் கொடிக்கம்பத்துப் பக்கம் பந்தல் போட்டார்கள். ஊரே வந்தது. லீவு போட்டு வந்தவர்களும் உண்டு. அசோக்குமாருக்குப் பெரிய மாலை, புளியோதரை, கிருஷ்ணகிரி மாம்பழக் கூழில் கரைத்த ஜூஸ். ஜூஸ் நன்றாக இருக்கிறது என்று மூன்று டம்ளர் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஒன்றியத்திலேயே நற்பண்பில் முதலிடம் கும்மனகானப்பள்ளி!"

கைதட்டல்.

"தலைமையாசிரியர் தண்ணீர் மோட்டார் கேட்டிருந்தார். கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. பதிவேட்டின்படி இங்கே ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. இருக்கிற வசதியை மறுபடி கொடுக்க விதியில் இடமில்லை. அதுமட்டுமல்ல. உங்கள் நட்சத்திரங்களில் ரெண்டாயிரம் தண்ணீர் சுமந்து வந்தது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் குழந்தைகள் எப்படிச் சுமப்பார்கள்? ஒரு மோட்டாரைப் போட்டு இந்த நற்பண்பைக் கெடுக்க எங்கள் கம்பெனிக்கு மனம் வரவில்லை!"

இதற்கும் கைதட்டினார்கள். மைக்கில் சொன்னால் கைதட்டுவது நம் பழக்கம்.

மோட்டாருக்குப் பதிலாக, நட்சத்திரம் எடுத்த முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மஞ்சள் குடம் வழங்கப்பட்டது. குடத்தில் நட்சத்திரமும் கம்பெனி பேரும் அச்சடித்திருந்தது. டீச்சருக்கு ஒரு கேடயம். பின்தங்கியவருக்கு எதுவும் இல்லை. டீச்சர் கேடயத்தை வாங்கினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்; மைக் அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டது.

மூன்று டம்ளர் ஜூஸும் புளியோதரையும் சும்மா இருக்குமா? விழா முடிவதற்குள் அசோக்குமார் டீச்சரிடம் குனிந்து ஒரு கேள்வி கேட்டார். டீச்சர் மேற்கே கை காட்டினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பதே அது ஒன்றுதான். அவர் கொஞ்சம் வேகமாகவே நடந்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார். ரெட்டைச் சடைப் பெண்ணின் படம் போட்ட கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குழாய் திருகும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடி திருகும் சத்தம். பிறகு குரல்.

"யாருங்க வெளியே? தண்ணி வரலையே!"

முப்பத்தாறு பிள்ளைகளும் புதுக் குடத்தோடு ஓடிவந்தார்கள். கோட்டுக்கு வந்ததும் ஒழுங்காக நின்றார்கள். ஒருவர்கூடத் தாண்டவில்லை. பயிற்சி அப்படி.

"பசங்களா, ஒரு குடம் தண்ணி கொண்டாங்கப்பா!"

"சார், அது கர்நாடகா சார்" என்று கத்தினான் மாதேஷ். "இந்தப் பக்கம் வாங்க, ஊத்தறோம்."

"இந்தப் பக்கம் எப்படிடா வர்றது!"

மங்கம்மா கரண்டியோடு கதவுவரைக்கும் போனாள். "நல்லாத் திருகிப் பாருங்க சார். ரெக்கார்டுல தண்ணி வருதே."

"விளையாடாதம்மா! டீச்சர்! டீச்சர் எங்க?"

ஜெபசீலி டீச்சர் வந்தார். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் போன். கதவோரம் நின்று, எப்போதும்போல மெதுவான குரலில் கேட்டார்: "சார், முதல்ல முன்நிலைப் படம் எடுக்கணுங்க. கதவைக் கொஞ்சம் திறக்கறீங்களா?"

டீச்சர் அதைக் கேலியாகச் சொன்னாரா, விதிப்படி சொன்னாரா என்று ஊரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். கதவு திறக்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பெரியவர்களில் ஒருவருக்குக்கூடத் தண்ணீர் எடுக்கக் கை ஒழியவில்லை.

கால் மணி நேரம் அப்படியே போனது. அப்புறம் சுவரோரமாக ரெனிட்டா வந்தாள். பழைய குடம், இடுப்பில் நிறைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் வாசலில் வைத்து, கதவை ரெண்டு தட்டு தட்டி, "சார், தண்ணி" என்றாள். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து குடத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

அசோக்குமார் வெளியே வந்தபோது சட்டை கசங்காமல்தான் இருந்தது. முதலில் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆப்புல படம் எதுவும் ஏறலையே?"

"இல்லைங்க சார். இங்க கர்நாடகா டவர்."

"நல்லது. அப்ப இது நம்ம எல்லைக்குள்ள நடக்கவே இல்லை." முகம் தெளிந்தது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். கழிப்பறை ஆய்வு என்ற பகுதியில் எழுதினார்: "தண்ணீர் உள்ளது. நேரில் பயன்படுத்தி உறுதி செய்தேன்."

கீழே தலைமையாசிரியர் ஒப்பமிட ஒரு கோடு இருந்தது. டீச்சர் அதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். கம்பெனிக் கார் உறுமிக்கொண்டு நின்றது. "சீக்கிரம் டீச்சர், அடுத்த பள்ளிக்கு நேரமாச்சு" என்றார் அவர். டீச்சர் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது மனுவுக்குப் பதில் இப்படியாக முன்கூட்டியே எழுதப்பட்டது.

மஞ்சள் குடங்கள் எல்லாம் பெற்றோர் கையோடு வீட்டுக்குப் போய்விட்டன. நல்ல கனமான பிளாஸ்டிக்.

சாயங்காலம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் விழாப் படம் வந்தது. முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு குடங்கள், நடுவில் டீச்சரும் அசோக்குமாரும். இடது ஓரத்தில் ஒரு பெண் பழைய குடத்தோடு மேற்கே போய்க்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அந்த ஓரம் படத்தைக் கெடுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வெட்டி, திருத்தி, மறுபடி போட்டார்கள். இப்போது படம் பார்க்க அழகாக இருந்தது.

அதற்கு நூற்றுப்பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது.